இரண்டு கப்பல், ஒரு கோடை: எம். ஜே. கோபாலனின் 1936

1. வழக்கமாகச் சொல்லப்படும் கதை

சென்னை விளையாட்டு வரலாற்றைப் பேச எடுத்தால் எம். ஜே. கோபாலனின் கதை வராமல் போகாது. கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936ஆம் ஆண்டுக் கோடையில் இரண்டு அழைப்புகள் ஒன்றாக வந்து நின்றன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக், மற்றது இங்கிலாந்துக்கான கிரிக்கெட் பயணம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்ட்களில் ஒன்றில்கூட கோபாலன் களம் இறங்கவில்லை. கதை இங்கே ஒரு பெருமூச்சோடு முடியும்.

முடிவு தெரிந்த பிறகு சொல்லப்படுவதால்தான் இக்கதை இவ்வளவு எளிதாக மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. இதை எதிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஒரு சாரார் அவர் இரண்டு அணிகளுக்கும் தேர்வாகியிருந்தார் என்கிறார்கள். இன்னொரு சாரார் சொல்வது வேறு: ஹாக்கித் தேர்வாட்டத்துக்கு அழைப்பு இருந்தது, அவர் போகவில்லை. முன்னதை ஏற்றால் கையில் இருந்த தங்கத்தைக் கைவிட்டவர் ஆகிறார். பின்னதை ஏற்றால் ஒரு வாய்ப்பை மட்டும் விட்டவர். மாகாண அணிகளுக்கிடையிலான போட்டியில் ஆடுவதைப் பார்த்தே அக்காலத்தில் ஒலிம்பிக் அணி தெரிவு செய்யப்பட்டது. ஆகையால் பின்னதே பொருந்திவருகிறது. ஆனால் முந்தைய ஆண்டு இந்திய அணியில் ஆடியவருக்கு அந்தத் தேர்வாட்டம் பெரிய தடையாக இருந்திருக்காது என்பதும் மெய்.

அவர் எடுத்த முடிவு சரியா தவறா என்பது இக்கட்டுரையின் கேள்வி அன்று. ஒரே மனிதர் இரண்டு ஆட்டங்களின் உச்சியிலும் நிற்பது 1935 வரை எப்படி முடிந்தது, 1936இல் ஏன் முடியாமல் போயிற்று என்பதே கேள்வி. இதைத் திறமையைப் பற்றிய கேள்வியாகவே இதுவரை பேசிவந்திருக்கிறோம். நாள்காட்டி, சம்பளம், கப்பல் இவற்றைப் பற்றிய கேள்வியாகப் பார்த்தால் பல விஷயங்கள் வேறு இடத்தில் போய் நிற்கின்றன.

2. சேப்பாக்கம் தந்தது

பதிவுகளின்படி கோபாலன் பிறந்தது 1909 ஜூன் 6, செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள மொரப்பாக்கத்தில். குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. சேப்பாக்கத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு ஆட்டக்காரர் உருவாக அது ஒரு காரணமா என்றால், ஆம், அது பெரிய காரணம். சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயரின் கண்ணில் அவர் பட்டார். கேம்பிரிட்ஜிலும் கென்ட்டிலும் ஆடியவர் ஜான்ஸ்டன். மதராஸில் ஐரோப்பியர் அணியின் தூண். பர்மா ஷெல் நிறுவனத்தில் பணியாற்றியவர். கோபாலனுக்கும் அந்நிறுவனத்தில் வேலை அமைந்தது.

இந்த வேலையைச் சாதாரணத் தகவலாகக் கடந்துவிடக் கூடாது. அக்கால இந்திய ஆட்டக்காரர்களில் பலருக்கு ஒரு மகாராஜாவின் தயவு தேவைப்பட்டது. பட்டியாலா, விஜயநகரம், நவாநகர் என்று சமஸ்தானங்களே ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டன. மதராஸில் அப்படியொரு சமஸ்தானம் இல்லை. அந்த இடத்தை எண்ணெய்க் கம்பெனியும் கிளப்பும் நிரப்பின. மாதச் சம்பளம் வந்தது, ஆட்டத்துக்கு விடுப்பு கிடைத்தது. அதைவிட முக்கியம், எந்த ஆட்டம் என்று கம்பெனி கேட்கவில்லை.

அதோடு, மதராஸின் விளையாட்டு ஆண்டு அந்த நாளில் அகலமாக இருந்தது. பொங்கலை ஒட்டி இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே நடக்கும் பிரெசிடென்சி ஆட்டம் ஊரே கூடிப் பார்க்கும் திருவிழா. அந்தப் போட்டிக்கு விதை போட்டவர் புச்சிபாபு நாயுடு. 1908இல் அதைப் பார்க்காமலே அவர் இறந்தார். கிரிக்கெட் சில மாதம், ஹாக்கி சில மாதம். இரண்டும் உள்ளூரிலேயே நடக்கும்வரை ஒரே ஆள் இரண்டிலும் முன்னணியில் இருப்பது மெச்சத்தக்கதே தவிர, அதிசயம் அன்று. மதராஸ் மாகாணத்தில் அப்படிப் பலர் இருந்தார்கள். அவர்களுள் இரண்டிலும் இந்தியா அளவுக்கு உயர்ந்தவர் கோபாலன் என்பதுதான் அவருடைய தனித்தன்மை.

கிரிக்கெட்டில் அவர் மிதவேகப் பந்து வீச்சாளர், மட்டையும் பிடிப்பார். விஜயநகரத்து இளவரசர் 1930-31இல் ஹாப்ஸையும் சட்கிளிஃபையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றபோது, மதராஸில் ஹாப்ஸை வீழ்த்தியவர் கோபாலன். அன்றைய உலகில் ஹாப்ஸின் விக்கெட் ஒன்று போதும், பெயர் ஊரெங்கும் பரவ. 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கெதிராக அவருடைய முதல் டெஸ்ட். கடைசி டெஸ்ட்டும் அதுதான். முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 11, இரண்டாவதில் 7, பந்து வீச்சில் ஒரே விக்கெட். அதே ஆட்டத்தில் அறிமுகமான முஷ்டாக் அலி இரண்டரை ஆண்டு கழித்து மான்செஸ்டரில் சதம் அடித்தார். அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில் சேப்பாக்கத்திலேயே நடந்தது. நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் தன் ஊரின் முதல் டெஸ்ட் நடக்கையில் கோபாலன் அணியில் இல்லை. 1936 பற்றிய பெருமூச்சுக்கு இரண்டு ஆண்டு முன்பே விடப்பட வேண்டிய பெருமூச்சு இது. ஏனோ யாரும் விடுவதில்லை.

அதே 1934இல் நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். மதராஸுக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் கோபாலன், எதிர்கொண்டவர் மைசூரின் கர்ட்டிஸ். மைசூர் 48, பிறகு 59. மதராஸ் 130. ஒரே நாளில் இன்னிங்ஸ் வெற்றி. ஏ. ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். முதல் பந்தின் பெருமை ஒருவருக்கு, ஆட்டத்தின் பலன் இன்னொருவருக்கு. ராம்சிங்கோ எந்த டெஸ்ட்டிலும் ஆடாமலே போனார். மதராஸ் ஆட்டக்காரர்களைத் தேர்வாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று எழுதப் புகுவோர் கோபாலனைவிட ராம்சிங்கிடமிருந்து தொடங்குவதே நியாயம்.

1935இல் தியான் சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. கோபாலன் அதில் இருந்தார். அந்தப் பயணத்தில் 48 ஆட்டங்களில் 584 கோல்கள் போட்டதாகக் கணக்கு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு 1936க்கு வர வேண்டும்.

3. ஒரே நாள், இரண்டு மைதானம்

கோபாலனுக்கு முன்கூட்டித் தெரியாது, பாவம், என்று சொல்லிவிட முடியாது. 1928, 1932 இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கே தங்கம். கப்பலில் உடன் வந்து ஆடிய கூட்டாளிகள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அந்த 584 கோல்களே சொல்லும். பெர்லினில் தங்கம் கிடைக்கும் என்று பந்தயம் கட்ட மதராஸில் யாரும் தயங்கியிருக்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் கோபாலன் மறுபக்கம் போனார். ஆகவே இதை அறியாமையின் விளைவு என்று படிப்பது பொருந்தாது.

என் ஊகம் இது: அவருக்குச் சோறும் சமூக மதிப்பும் தந்த வலை முழுவதும் கிரிக்கெட் வலை. ஜான்ஸ்டன், பர்மா ஷெல், பொங்கல் ஆட்டம், ரஞ்சிக் கோப்பை எல்லாம் ஒரே இழையில் கட்டப்பட்டவை. மதராஸில் ஹாக்கிக்குத் திறமை இருந்தது. ஆனால் இந்திய ஹாக்கியின் செல்வாக்கு பஞ்சாப், வங்கம், ராணுவம் என்று வடக்கே இருந்தது. தங்கத்துடன் திரும்பிவரும் ஹாக்கி ஆட்டக்காரருக்கு மதராஸில் அடுத்த நாள் என்ன காத்திருந்தது? கிரிக்கெட்டில் தோற்றுத் திரும்பினாலும் என்ன காத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

காலக்கணக்கு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. கிரிக்கெட் அணி மே மாதத் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஆட ஆரம்பித்துவிட்டது. செப்டம்பர் வரை பயணம். ஹாக்கி அணி பம்பாயில் கப்பலேறியது ஜூன் கடைசியில். உள்ளூரில் மாறி மாறி வந்த இரண்டு பருவங்களும் கடல் தாண்டியபோது ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. சேப்பாக்கத்தில் ஒரு ஞாயிறு கிரிக்கெட், மறு ஞாயிறு ஹாக்கி என்று வாழ்ந்தவருக்கு ஐந்து மாதப் பயணம் இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டது.

இங்கிலாந்தில் நடந்ததோ சண்டைக் கோடை. விஜயநகரத்து இளவரசர் அணித்தலைவர். ஆட்டத்தால் அல்ல, பணத்தாலும் செல்வாக்காலும் அந்த இடத்துக்கு வந்தவர். பயணத்தின் நடுவிலேயே சர் பட்டமும் பெற்றார். லாலா அமர்நாத் முதல் டெஸ்ட்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். சி. கே. நாயுடு ஒரு கோஷ்டி, தலைவர் ஒரு கோஷ்டி. ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட்டில் பாகா ஜிலானி என்ற மிதவேகப் பந்து வீச்சாளர் சேர்க்கப்பட்டார். காலைச் சாப்பாட்டு மேசையில் நாயுடுவை அவமதித்ததற்குப் பரிசாகவே அந்த இடம் கிடைத்தது என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சுற்றிவருகிறது. கோபாலனும் மிதவேகப் பந்து வீச்சாளர் என்பதால், அந்த இடம் கோபாலனுடையது என்று நினைக்க நம் மனம் ஓடும்.

அவ்வளவு தூரம் ஓட வேண்டாம் என்பது என் கருத்து. முகமது நிசார், அமர்சிங், ஜஹாங்கீர் கான் ஆகிய மூவரும் மூன்று டெஸ்ட்களிலும் ஆடினார்கள். நிசார், அமர்சிங் இணை அன்றைய உலகின் எந்தப் புதுப்பந்து இணைக்கும் சளைத்ததன்று. பந்து வீச்சாளராகக் கோபாலன் அவர்களுக்குப் பின்னால். மட்டையாளராகவோ விஜய் மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி, நாயுடு, வசீர் அலி என்று வரிசை நீளம். இரண்டு வேலையும் செய்பவருக்கு இரண்டு வரிசையிலும் இடம் கிடைக்காமல் போவது ஆல்ரவுண்டர்களுக்கு நேரும் வழக்கமான விபத்து. சதி இல்லாமலும் அது நேரும். சதி இருந்த அணியில் நேர்ந்ததால் சதியின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

இனி, யாரும் சேர்த்துப் பார்க்காத ஒரு விஷயம். ஜூலையில் பெர்லின் போய்ச் சேர்ந்த ஹாக்கி அணி பயிற்சி ஆட்டமொன்றில் ஜெர்மானிய அணியிடம் 4-1 என்று தோற்றது. பதறிப்போனார்கள். இந்தியாவுக்குத் தந்தி பறந்தது. தாரா என்ற முன்கள ஆட்டக்காரர் விமானத்தில் வரவழைக்கப்பட்டு அரையிறுதிக்கு வந்து சேர்ந்தார். அந்த நேரத்தில் முந்தைய ஆண்டின் அணிக்காரர் ஒருவர் வட கடலுக்கு அந்தப் புறம், ரயிலும் படகுமாக எளிதில் வந்துசேரக்கூடிய தொலைவில், டெஸ்ட்டில் இடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். தேவைப்பட்டது முன்கள ஆட்டக்காரர் என்பதால் கோபாலனை அழைப்பது பொருந்தியிருக்காது என்று வாதிடலாம். ஒலிம்பிக் அணிப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமே என்றும் வாதிடலாம். இரண்டும் ஏற்கத்தக்க வாதங்களே. ஆனாலும் ஒரு கிரிக்கெட் வாரியமும் ஒரு ஹாக்கி சம்மேளனமும் ஒரே நாட்டின் ஒரே ஆட்டக்காரரைத் தத்தம் பங்காகவே பார்த்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1936இல் முடிந்துபோனது கோபாலனின் இரட்டை வாழ்வு மட்டும் அன்று.

இறுதி ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. இந்தியா 8, ஜெர்மனி 1. அதே ஆகஸ்ட் 15 அன்று லண்டன் ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. ஹாமண்ட் 217 அடித்தார், இங்கிலாந்து 471 ரன் குவித்தது. ஒரே நாளில் இரண்டு மைதானங்களிலும் இந்திய அணி. இரண்டிலும் கோபாலன் இல்லை.

4. இன்னொரு மதராஸ்காரர்

அன்று ஓவலில் இன்னொரு மதராஸ்காரர் இருந்தார். அவரும் இரண்டு ஆட்டங்களில் இந்தியாவுக்கு ஆடியவர். சி. ராமசாமி, முன்னே சொன்ன புச்சிபாபுவின் மகன். 1896இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, அங்கே டென்னிஸ் ஆடி, 1922இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். பதினான்கு ஆண்டு கழித்து, வயது நாற்பதைத் தொட்ட பிறகு, மான்செஸ்டரில் டெஸ்ட் அறிமுகம். 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. மொத்தம் 170 ரன், சராசரி 56.66. அதற்குப் பிறகு டெஸ்ட் இல்லை.

இருவரையும் ‘பல்திறன் படைத்தவர்கள்’ என்று ஒரே பட்டியலில் அடைப்பது வழக்கம். அப்படி அடைக்கும்போது முக்கியமான வேறுபாடு காணாமல் போகிறது. ராமசாமியின் இரண்டு ஆட்டங்களும் ஒன்றையொன்று முட்டவே இல்லை. இளமையில் டென்னிஸ், நடுவயதில் கிரிக்கெட். நடுவில் வேளாண் துறையில் உத்தியோகம். வீட்டுச் சொத்தும் மூத்தோர் வளர்த்த கிளப்பும் பின்னால் இருந்ததால் அவர் காத்திருக்க முடிந்தது. கோபாலனின் இரண்டு ஆட்டங்களும் ஒரே இருபதுகளில், ஒரே உடம்பில், ஒரே விடுப்புக் கணக்கில் நடந்தன. முட்டிக்கொண்டால் ஒன்று விழ வேண்டியதுதான்.

அடுக்கடுக்காக வரும் திறன் ஒரு வகை, பக்கம் பக்கமாக நிற்கும் திறன் இன்னொரு வகை என்று கொண்டால் பிற நாட்டுக் கதைகளும் தெளிவாகின்றன. அமெரிக்காவின் பாப் ஹேய்ஸ் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் தங்கம் வாங்கினார், தொடரோட்டத்திலும் தங்கம். அதன் பிறகு அமெரிக்கக் கால்பந்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் சேர்ந்தார். தொலைவில் வீசப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் ‘வைட் ரிசீவர்’ இடம் அவருடையது. அவரை ஒருவர் துரத்திப் பிடிப்பது முடியாத காரியம் என்பதால், ஆளுக்கு ஆள் காவலை விட்டு இடத்தைக் காக்கும் முறைக்கு எதிரணிகள் திரும்பின. ஒற்றை மனிதரின் வேகம் ஒரு ஆட்டத்தின் தற்காப்பு முறையையே மாற்றியது. 1972 ஜனவரியில் சூப்பர் பௌலையும் வென்றார். ஆனால் அவருடைய திறனும் அடுக்குத் திறன்தான். முதலில் தங்கம், பிறகு சம்பளம். வரிசை மாறியிருந்தால் அமெச்சூர் விதி அவரை ஒலிம்பிக் வாசலிலேயே நிறுத்தியிருக்கும். 1912இல் பத்துப்போட்டியிலும் ஐந்துபோட்டியிலும் தங்கம் வென்ற ஜிம் தோர்ப், முன்னர் ஏதோ கொஞ்சம் காசுக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்பதற்காகவே பதக்கங்களை இழந்தார். தோர்ப்பைப் பார்த்தால் கோபாலனின் பர்மா ஷெல் சம்பளம் எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்று புரியும். ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை. ஆட்டம் தெரிந்த குமாஸ்தாவுக்குச் சம்பளம்.

5. தேனிப் பக்கத்திலிருந்து

இந்த ஏற்பாடு மறைந்துவிடவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. நான் இதை எழுதும் பழனிசெட்டிபட்டியிலிருந்து பெரியகுளம் அதிக தூரமில்லை. அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் பி. டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவு அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்துகிறது. வரும் அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே போதும்: இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ராணுவம், விமானப்படை, கடற்படை. ஆடுகிறவர்களுக்குச் சோறு போடுவது இன்றும் அலுவலகம்தான். ஆனால் அந்த அலுவலகம் இன்று ஓர் ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்கிறது. பர்மா ஷெல்லைப் போல ஆட்டக்காரரைப் பார்த்து எடுப்பதில்லை.

பள்ளிக்கூடத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. கம்பம் சாலையோரத்து மைதானங்களில் மாலை ஐந்து மணிக்கு நின்றால், கபடியில் பாடிப் போய்விட்டு மூச்சு வாங்க வந்தவனே அடுத்த பத்தாவது நிமிடம் வாலிபால் வலைக்கு முன்னால் எம்பிக்கொண்டிருப்பான். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் பி.டி. சார் கூப்பிட்டு, “எந்த கேம்ல ஃபார்ம் வாங்கப் போற?” என்று கேட்பார். “ரெண்டுலயும் ஆடுறேன் சார்” என்று இழுப்பான் பையன். “ரெண்டுல ஆடி எதுலயும் ஸ்டேட் போகாம நிப்படா” என்பது பதில். ஃபார்ம் என்று அவர் சொல்வது விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான சான்றுப் படிவம். பன்னாட்டு அளவுக்கு முதல் படிவம், தேசிய அளவுக்கு இரண்டாவது, பல்கலைக்கழக அளவுக்கு மூன்றாவது, பள்ளி அளவுக்கு நான்காவது. கல்லூரி இடமும் அரசு வேலையும் அந்தத் தாளைப் பார்த்தே கிடைக்கின்றன. எந்த ஆட்டத்தில் எந்த அளவு என்பதே அங்கே கேள்வி. இரண்டு ஆட்டத்திலும் மாவட்ட அளவு என்பதற்கு மதிப்பு இல்லை. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளும் ஆட்டவாரியாகத்தான் பிள்ளைகளைச் சேர்க்கின்றன.

பி.டி. சாரைக் குறை சொல்ல முடியாது. விதியைப் படித்தவர் அவர். பையனின் நலனுக்காகவே சொல்கிறார். ஒரே ஆட்டத்தில் சின்ன வயதிலிருந்து ஊன்றி நின்றால்தான் உலக அளவில் தேற முடியும் என்ற வாதத்திலும் பலம் இருக்கிறது. இன்றைய ஹாக்கியின் செயற்கைத் தரையில் 1935இன் கோபாலன் கால் ஊன்றியிருப்பாரா என்பது சந்தேகமே. ஆனால் கோபாலனின் கதையை இழந்த தங்கத்தின் கதையாக மட்டும் அந்தப் பையனுக்குச் சொன்னால், கிடைப்பது பி.டி. சாரின் அறிவுரைதான்: இரண்டு வேண்டாம், சரியான ஒன்றைப் பிடி. அக்கதையின் முன்பாதியில், 1935 வரையிலான பாதியில், ஒரு மாகாணமே ஒருவரை இரண்டு ஆட்டம் ஆடவிட்டு இரண்டிலும் பயனடைந்தது. அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

கோபாலன் அதற்குப் பிறகும் நீண்ட காலம் ஆடினார். மதராஸ் அணிக்குத் தலைமை ஏற்றார். 1950களின் தொடக்கம்வரை நீண்ட முதல்தர ஆட்டங்களில் ஏறத்தாழ 3000 ரன்னும் 190க்கு மேற்பட்ட விக்கெட்டும் எடுத்தார். தேர்வாளராக இருந்தார். 1952-53இல் மதராஸுக்கும் இலங்கைக்கும் இடையே அவர் பெயரில் கோபாலன் கோப்பை தொடங்கியது. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைக்க அப்போது இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. அதுவரை அந்நாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தொடர்ந்து கிடைத்த நல்ல வெளியூர் ஆட்டங்களில் இதுவும் ஒன்று. ஒரே டெஸ்ட்டில் 18 ரன் எடுத்தவரின் பெயரால் கொழும்பிலும் சேப்பாக்கத்திலும் மாறி மாறி ஆட்டம் நடந்தது. ராமசாமி 1952-53 மேற்கிந்தியப் பயணத்தில் இந்திய அணியின் மேலாளராகப் போனார். 1985 அக்டோபரில் ஒரு நாள் சென்னையில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் திரும்பி வரவே இல்லை. கோபாலன் 2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார். ஹாக்கியில் அவர் பெயரால் அப்படியொரு கோப்பை ஏற்படவில்லை என்பதையும், 1936இல் அவர் எதைத் தேர்ந்தார் என்பதற்கான விளக்கங்களோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.